அத்துமீறுவோர் கவனத்திற்கு

எங்கள் கிராமத்தின் கடைசி வீட்டைத் தாண்டியதும் ஒரு மரப்பலகை நிற்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்து வெள்ளையில் எழுதியிருக்கிறார்கள்: ‘தனியார் நிலம். அத்துமீறுவோர் மீது குற்ற வழக்குத் தொடரப்படும்.’ எழுத்து அழகு, இலக்கணம் சுத்தம், சேதி மட்டும் பொய். இங்கிலாந்துச் சட்டத்தில் அடுத்தவர் நிலத்தில் சும்மா கால் வைப்பது பொதுவாகக் குற்றமே இல்லை. வேண்டுமானால் நிலத்துக்காரர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். புல் மிதிபட்டதற்கு ஈடாகச் சில்லறை ஏதாவது தேறலாம். ரயில் தண்டவாளம், ராணுவ இடம் என்று சில விலக்குகள் உண்டு. பட்டாணி வயல் அந்தப் பட்டியலில் இல்லை.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இந்தப் பலகைக்கு வருஷா வருஷம் புதுப் பெயின்ட் கிடைக்கிறது. படித்தவர்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போய்விடுகிறார்கள். பொதுவழியில் இப்படி மிரட்டும் பொய்ப் பலகை வைப்பதுதான் உண்மையில் குற்றம். 1949-ம் வருஷத்துச் சட்டமே அப்படிச் சொல்கிறது. அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 200 பவுண்டு. பெயின்ட் செலவை இதோடு சேர்த்தாலும் லாபம்தான்.

எனக்குச் சொந்த ஊர் தொண்டி. பிழைப்பு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், ஹால்டன் குன்றுகளின் அடிவாரத்தில். ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் டாக்டர் ஓடச் சொன்னார். “உங்களுக்கென்ன, ஓடுவதற்கென்றே செய்த ஊர்!” என்றார்கள் அக்கம்பக்கத்தார். வாஸ்தவம்தான். செம்மண் வயல், பச்சை மேடு, தேவாலயக் கோபுரம், தூரத்தில் டார்ட்மூர் மலைவெளி. காலண்டரில் அச்சடித்து மாட்டலாம். காலண்டருக்குள் யாரும் ஓடிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆறு வருஷமாக ஓடிப் பார்த்தவன் என்ற முறையில், புதிதாக வருகிறவர்களுக்கு உதவியாக மூன்று தடங்களைக் குறித்துவைக்கிறேன். நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சட்டமும் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் தடம்: தார்ச்சாலை, 5 கி.மீ.

தேவாலயத்து வாசலில் தொடங்கி, மூடிப்போன தபால் ஆபீசையும் மூடப்போகிற பப்பையும் தாண்டி இடதுபக்கம் திரும்பவும். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மண்கரை, அதன் தலையில் புதர்வேலி. நடுவே ஒரு வண்டி அகலத்துக்குத் தார். நடைபாதை கிடையாது, ஓரம் என்ற ஒன்றே கிடையாது. சுவரில் பல்லிபோல ஒட்டிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு உகந்த தடம்.

குதிரைவண்டிக்காகப் போட்ட இந்தச் சந்தில் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 60 மைல். ஆமாம், ஏறத்தாழ 97 கி.மீ. அகல அகலமான மோட்டார்வேயில் 70 மைல். இரண்டுக்கும் பத்தே மைல் வித்தியாசம். வேறு வேகம் எழுதிவைக்காத ஊர்ப்புறச் சாலைக்கெல்லாம் இதுதான் விதி. இந்தச் சந்தில் பறவை வேட்டைக்கு வருகிறவர்களின் கார்களும் ஓட வேண்டும், பால் லாரி ஓட வேண்டும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் ஓட வேண்டும். இதில் யார் ஓரம் ஒதுங்குவது என்பதைச் சட்டம் எடையை வைத்துத் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

ஒரு நாள் வளைவில் ஒரு கார் வந்தது. கார் என்பது மரியாதைக்கு. எங்கள் தொண்டி வீட்டு முற்றம் சக்கரம் வைத்து வந்தது போலிருந்தது. முதுகை மண்கரையில் ஒட்டி, வயிற்றை எக்கி நின்றேன். பக்கக் கண்ணாடி என் முழங்கையில் பட்டு மடங்கியது. கார் நின்றது. ஓட்டியவர் ஜன்னலை இறக்கி, கண்ணாடியை நிமிர்த்தி, கீறல் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். “சாரி” என்றேன் நான். இடிபட்டவர்தான் சாரி சொல்ல வேண்டும் என்பது இந்த ஊர் அரசியல் சட்டம். அந்தச் சட்டமும் எழுதப்படாததுதான். அவர் என் மன்னிப்பை ஏற்று, ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலை உயர்த்தி ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

“சாலையில் ஏன் ஓடுகிறீர்கள்? எவ்வளவு வயல் இருக்கிறது!” என்று பிற்பாடு பப்பில் ஒருவர் அக்கறையாகக் கேட்டார். அந்த வயல்களில் பாதி அவருடையது. பச்சைப் பலகையும் அவருடையதுதான்.

இரண்டாம் தடம்: வயல்வழி, 8 கி.மீ.

அரசாங்க நில அளவைத் துறையின் வரைபடத்தை விரியுங்கள். அதில் பச்சைப் புள்ளிக்கோடுகள் எறும்பு வரிசைபோல ஊர்ந்து போகும். அவை பொதுவழிகள். கூலிக்காரர் பண்ணைக்கும், பக்தர் கோயிலுக்கும், குடிகாரர் பப்புக்கும் நடந்து நடந்து உண்டான தடங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சேர்த்து 2,25,000 கி.மீ.; பூமியை ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றி வரலாம். வரைபடத்தில் சுற்றினால் முள் குத்தாது.

நிலம் அவருடையது, மரம் அவருடையது, காற்றில் ஆடும் கோதுமை அவருடையது. உங்களுக்குச் சொந்தம் அதன் குறுக்கே போகிற உரிமை மட்டும். பயிருக்கு நடுவே போகும் நடைவழிக்குச் சட்டம் குறித்துத் தந்த குறைந்தபட்ச அகலம் ஒரு மீட்டர். விவசாயி அதை உழலாம். ஆனால் 14 நாளுக்குள் திரும்ப மிதித்து, சமன்செய்து, வழி தெரியும்படி விட வேண்டும். படிக்கவே இனிக்கிறது, இல்லையா? ஜூலை மாதம் வந்து பாருங்கள். பச்சைப் புள்ளிக்கோடு போகும் இடத்தில் உங்களைவிட உயரமாக மக்காச்சோளம் நிற்கும். அதைப் பிளந்து ஓடினால் இலை முகத்தை அறுக்கும். சுற்றி ஓடினால் வழியை விட்டு விலகிய அத்துமீறல். சட்டத்தை மதித்தால் ரத்தம், மதிக்காவிட்டால் பலகை.

உள்ளாட்சி அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். ‘தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்று ஜூலையில் பதில் வந்தது. ‘முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும்’ என்று ஆகஸ்டில் வந்தது. அக்டோபரில் சோளத்தை அறுத்தார்கள். நவம்பரில் கடைசிக் கடிதம்: ‘தடை நீங்கிவிட்டதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது.’ நம்ம ஊர் முனிசிபாலிட்டி கிளார்க் யாராவது இதைப் படித்தால், இருந்த இடத்திலிருந்தே மேற்கு நோக்கி விழுந்து கும்பிடுவார்.

அடுத்த வயலில் காளை. பொதுவழி போகும் வயலில் காளையை விடலாமா என்பதற்கு 1981-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால் இனக் காளை என்றால் கூடாது. ஜெர்சி, கெர்ன்ஸி, ஃப்ரீஷியன் என்று இனப் பட்டியலே இருக்கிறது. இறைச்சி இனக் காளை என்றால் விடலாம். பசுக்கள் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே ஓடிக்கொண்டிருப்பவர் செய்ய வேண்டியது: எதிரே வரும் காளையை நிறுத்தி, குலம் கோத்திரம் விசாரித்து, பிறந்த தேதியைச் சரிபார்த்து, சம்சாரங்கள் உடன் வந்திருக்கிறார்களா என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு பயப்படலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். எனக்கு அத்தனை நிதானம் போதாது. வேலி தாண்டும் மரப்படியை நோக்கி ஓடினேன். வாழ்நாளில் என்னுடைய அதிவேக நானூறு மீட்டர் அது. மரப்படியின் மேல்கட்டை உளுத்திருந்தது. அதன் மேலே முள்கம்பி. கீழே காஞ்சொறி. ஒவ்வொன்றும் தற்செயல். எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருப்பதும் தற்செயல்.

ஒரே பாதையில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பயிற்சி எடுக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1900-ல் இங்கே ஒரு வழக்கு நடந்தது. பந்தயக் குதிரைகள் பழகுவதை வேவு பார்க்க ஒருவர் பொதுச்சாலையில் பதினைந்து கஜ தூரத்துக்குள் ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் நடந்தார். அது பயணம் இல்லை, சாலைக்கு அடியிலிருக்கும் நிலத்தின் மீதான அத்துமீறல் என்று தீர்ப்பானது. பொதுவழியில் குடிமகனுக்குள்ள உரிமை போவதும் திரும்ப வருவதும் மட்டுமே என்பது இங்கத்திய பழைய சட்ட வாசகம். 1999-ல் மேல்முறையீட்டு நீதிபதிகள் அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனாலும் மேட்டில் ஆறாவது தடவை ஏறும்போது என் கால் தயங்குகிறது. இது ஓட்டமா, வேவா?

சோளமும் காளையும் சில்லறை விவகாரம். மொத்த வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கு சசெக்ஸிலுள்ள ஃப்ராம்ஃபீல்டுக்குப் போக வேண்டும். நிக்கோலஸ் வான் ஹூக்ஸ்ட்ராட்டன் என்ற சொத்து அதிபர் அங்கே மாளிகை கட்டினார். அந்த எஸ்டேட்டின் குறுக்கே ஒரு பழைய நடைவழி போயிற்று. வழியின் மேலேயே களஞ்சியம் முளைத்தது, முள்கம்பி வந்தது, பழைய குளிர்பதனப் பெட்டிகள் வந்து குந்தின. உள்ளாட்சி என்ன செய்தது? களஞ்சியத்தை நகர்த்தச் சொல்லாமல் பாதையை நகர்த்த உத்தரவு போட்டது. கேட் ஆஷ்புரூக் என்ற பெண்மணி விடாமல் கோர்ட் கோர்ட்டாக ஏறி 2002-ல் அந்த உத்தரவை உடைத்தார். 2003-ல் பெரிய கம்பிவெட்டியோடு போய்ப் பூட்டை அறுத்தார். ஒரு மீட்டர் அகலத்தைத் திறக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பத்து வருஷமும் சட்டம் நம் பக்கம்தான் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். சட்டம் நம் பக்கம் இருந்தால் இவ்வளவு; இல்லாவிட்டால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் ஏறிய பாதைக்கே இந்தக் கதி. ஏறாத பாதைகள் வேறு இருக்கின்றன. 1949-க்குப் பிறகு ஊர் ஊராகப் பாதைகளைப் பதிவு செய்யும் வேலையை கிராமசபைகளிடம் கொடுத்தார்கள். சபையில் யார் உட்கார்ந்திருந்தார்? பல ஊர்களில், எந்த நிலத்தில் பாதை போயிற்றோ அந்த நிலத்துக்காரரே. அவர் ஞாபகமறதிக்காரர். நடையர் சங்கமான ராம்ப்ளர்ஸ் பழைய வரைபடங்களை ஒப்பிட்டுத் தேடியபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவேட்டில் விடுபட்டவை என்று 49,000 மைல் பாதைகள் தட்டுப்பட்டன. 2000-ல் வந்த சட்டம் இவற்றுக்கு நாள் குறித்தது: 2026 ஜனவரி 1-க்குள் பதிவாகாத பழைய பாதைகள் செத்ததாகக் கொள்ளப்படும். பிறகு அந்த நாளை 2031-க்குத் தள்ளினார்கள். 2024 கடைசியில், கெடுவையே நீக்கப்போகிறோம் என்று அரசு அறிவித்தது. தூக்குத் தேதியை மாற்றிக்கொண்டே இருந்தால் கைதிக்கு நன்றியுணர்ச்சி பெருகும் என்று யாரோ ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் தடம்: காட்டுவழி, 11 கி.மீ.

இதுதான் மூன்றிலும் அழகு. மே மாதத்தில் மரத்தடியெல்லாம் நீலப்பூ. பாதை சட்டப்படிப் பொதுவழி. வரைபடத்தில் இருக்கிறது, மஞ்சள் அம்புக்குறியும் இருந்தது. அம்புக்குறியை யாரோ திருகி எடுத்துவிட்டார்கள். நான்கு ஆணித்துளைகள் மட்டும் மிச்சம்.

இந்தக் காட்டில் ஃபெசன்ட் என்றொரு பறவை திரிகிறது. நம்ம ஊர்ச் சேவலுக்குப் பட்டுவேட்டி கட்டிவிட்டால் எப்படியிருக்கும், அப்படி. குஞ்சாக வாங்கி, கூண்டில் தீனி போட்டு வளர்த்து, கோடைக் கடைசியில் திறந்துவிடுவார்கள். நாடு முழுக்க வருஷத்துக்குக் கோடிக்கணக்கில். கூண்டுக்குள் இருக்கும்வரை அது வளர்ப்புப் பறவை. கதவு திறந்த மறுநொடி ‘காட்டுப் பறவை’. சாலையில் கார்மீது மோதினால் யாரும் உரிமையாளர் இல்லை. அக்டோபர் 1-ம் தேதி விடிந்ததும் உரிமையாளர்கள் துப்பாக்கியோடு திரும்பி வந்துவிடுவார்கள்.

ஒரு நாள் காலை ஏழு மணி. எதிரே நாலு சக்கர பைக்கில் எஸ்டேட் காவலர். எஞ்சினை அணைத்தார். புன்னகைத்தார். கேட்டார்:

“வழி தவறிவிட்டீர்களா?”

இந்த ஊரில் நாகரிகமானவர்கள் ‘வெளியே போ’ என்பதை இப்படித்தான் கேட்பார்கள்.

“இல்லை” என்றேன். “இது பொதுவழி.”

“பறவைகள் பயந்துவிடும், அதுதான்.”

“அக்டோபரில் நீங்கள் சுடப்போகிற பறவைகளா?”

“ஆமாம்” என்றார் நிதானமாக. “அதுவரை அவை அமைதியாக இருக்க வேண்டும்.”

எனக்குப் பத்து நிமிஷம் முன்னால் அதே பாதையில் என் பக்கத்து வீட்டு அம்மாள் ஓடியிருந்தார். வெள்ளைக்காரர், ஓட்டத்தில் என்னைவிட வேகம். அவரைப் பார்த்ததும் காவலர் தொப்பியைத் தொட்டு ‘குட் மார்னிங்’ சொன்னாராம். அவர் வழி தவறியிருக்கலாமோ என்ற சந்தேகம் காவலருக்கு எழவே இல்லை. இத்தனைக்கும் ஃபெசன்ட்டின் பூர்வீகம் ஆசியா. அதை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. சுடுவதற்கு உதவுகிற ஆசியாக்காரன் என்றால் இங்கே குடியுரிமை உடனே கிடைத்துவிடும் போல.

அன்று சாயங்காலம் அம்மா போனில் கேட்டாள். “யாரு காடுடா அது?”

“ஒரு எஸ்டேட்டும்மா.”

“கேட்டுட்டுத்தானே போறே?”

“கேக்க வேண்டாம்மா. எல்லாரும் போற பாதை.”

“அப்புறம் எதுக்கு அந்தாளு உன்னைக் கேட்டான்?”

ஆறு வருஷமாக நான் படித்த சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை.

அந்தக் காட்டிலிருந்து சில மைல் தள்ளி, ஹால்டன் குன்றின் உச்சியில் ஒரு முக்கோணக் கோபுரம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. 1788-ல் கட்டியது. கட்டியவர் சர் ராபர்ட் பாக். தொண்டிப் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார் பிரம்பால் சுவர்ப்படத்தைத் தட்டித் தட்டி மனப்பாடம் செய்யவைத்த ‘பாக் நீரிணை’, அந்தப் பாக் இவர்தான். எங்கள் வீட்டு வாசலில் அலையடிக்கும் கடலுக்கு இந்த டெவன்காரரின் பெயர். பக்கத்து ஆஷ்பர்ட்டன் ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்து, பாதிரியாராகக் கப்பலேறி, கடலூர்ப் பக்கத்துப் புனித டேவிட் கோட்டைக்கு வந்தார். 1763-லிருந்து 1767 வரை மதராஸ் கவர்னர். வேதப்புத்தகத்தோடு வந்தவர் பெருஞ்செல்வத்தோடு ஊர் திரும்பி, ஹால்டன் மாளிகையையும் சுற்றியிருந்த நிலத்தையும் வாங்கினார். கோபுரத்துக்குள் அவருடைய நண்பர், கம்பெனிப் படைத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் ரோமானிய வேஷத்தில் சிலையாக நிற்கிறார். கர்நாடகப் போர்களில் சண்டை போட்டவருக்கு ரோமாபுரி உடுப்பு. யார் வீட்டில் புகுந்தோம் என்பதை மறைக்க அதைவிட நல்ல உடுப்பு கிடைத்திருக்காது.

எங்கள் ஊர்ப் பணத்தில் வாங்கிய குன்றின் அடிவாரத்தில் நின்றுகொண்டு என்னிடம் ஒருவர் வழி தவறிவிட்டாயா என்று கேட்கிறார். அவர்கள் வழி தவறாமல் சரியாகத்தான் வந்தார்கள், கடலூர் வரைக்கும். அந்தப் பாக்கின் பெயர் சூட்டிய கடலில் இன்றைக்கும் ராமேசுவரத்து மீனவரைப் பிடித்தால் செய்தித்தாள் போடும் வரி: ‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாக.’ எல்லை தாண்டியே பணம் சேர்த்தவர் பெயரில் ஒரு கடல், அதில் எல்லை தாண்டியவனுக்குச் சிறை.

நம்மிடம் மட்டுமா எடுத்தார்கள்? சொந்த ஊர்க்காரனிடம் எடுத்துப் பழகிய கைதான் அது. 1604-க்கும் 1914-க்கும் இடையே நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஊர்மந்தை, மேய்ச்சல் தரை, விறகு பொறுக்கிய புறம்போக்கு, எல்லாவற்றையும் சுற்றி வேலி விழுந்தது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் நிலம் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. திருடன் கையில் சாவியைக் கொடுத்தது போதாதென்று பூட்டு செய்யும் உரிமத்தையும் கொடுத்தார்கள். 1723-ல் இன்னொரு சட்டம்: ஆயுதத்தோடு, முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் காட்டில் திரிந்தால் தூக்கு. அது நூறு வருஷம் உயிரோடிருந்தது. நல்லவேளை, இப்போது இல்லை. எனக்குக் கரி பூசும் வேலையும் மிச்சம் என்பதால் சொல்கிறேன்.

இன்று இங்கிலாந்தின் நிலத்தில் பாதி, மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர் கையில் இருக்கிறது என்று கை ஷ்ரப்சோல் 2019-ல் தன் நூலில் கணக்குக் காட்டினார். மிச்ச 99 சதவீதம் பேரும் கால் வைக்காமல் பறந்தா திரிகிறார்கள்? அவர்கள் வரி கட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த கடைசி வருஷங்களில் விவசாய மானியத்தின் பெரும்பகுதியை ஏக்கர் கணக்கில் கொடுத்தார்கள். யாரிடம் நிலம் அதிகமோ அவருக்குப் பணம் அதிகம். பிரிந்து வந்த பிறகு புது முழக்கம்: ‘பொதுப்பணம், பொது நன்மைக்கே.’ பொதுப்பணம் வேலிக்குள் போகலாம். அதற்கு மரப்படி உளுத்திருக்காது, முள்கம்பி கிடையாது, வழி தவறிவிட்டாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பொதுஜனம்தான் வெளியே நிற்க வேண்டும்.

எதிர்த்துக் கேட்டவர்கள் இல்லாமலில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள். பறவை வேட்டைக்கு ஒதுக்கியிருந்த மலை. முன்னால் நின்றவர் பென்னி ரோத்மன் என்ற இளைஞர். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அத்துமீறியதற்காக அல்ல, அது குற்றமே இல்லையே! காவலாட்களோடு நடந்த தள்ளுமுள்ளுவைக் கலகமாக்கி உள்ளே தள்ளினார்கள். 2002-ல், எழுபது வருஷம் கழித்து, அன்றைய நிலப்பிரபுவின் பேரனான டெவன்ஷைர் கோமகன் மேடையேறி மன்னிப்புக் கேட்டார். இந்த ஊரில் ‘சாரி’ சொல்ல இடிபட்டவனுக்கு ஒரு நொடி, இடித்தவருக்கு எழுபது வருஷம்.

அந்த மலையேற்றத்தின் தொடர்ச்சியாகக் கடைசியில் 2000-ல் ‘உலவும் உரிமை’ வந்தது. மலை, கரம்பு, புல்மேடு என்று இங்கிலாந்தின் எட்டு சதவீத நிலத்தில். அதிலும் சில துண்டுகள் நாலு பக்கமும் தனியார் நிலத்துக்கு நடுவே தீவுபோலக் கிடக்கின்றன. உள்ளே உலவ உரிமை உண்டு. உள்ளே போக வழி கிடையாது. ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்கள் பயன்பெறலாம். பக்கத்து ஸ்காட்லாந்தில் 2003-ம் வருஷச் சட்டப்படி ஏறக்குறைய எல்லா நிலத்திலும் பொறுப்போடு நடக்கலாம், ஓடலாம். ஸ்காட்லாந்து இன்னும் கடலில் மூழ்கிவிடவில்லை. அதையே இங்கேயும் கொண்டுவருவோம் என்று தொழிற்கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது வாக்குக் கொடுத்தது. 2023 அக்டோபரில், ஆட்சி கண்ணுக்குத் தெரிந்த தூரத்தில் வந்ததும், வாக்கை இறக்கிவைத்தது. சுமையோடு ஓடினால் மூச்சு வாங்கும் என்பது ஓட்டக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் மாவட்டத்து டார்ட்மூரில் நடந்ததையும் கேளுங்கள். அங்கே கூடாரம் அடித்து ஓர் இரவு தூங்கும் பழக்கம் காலகாலமாக உண்டு. நாலாயிரம் ஏக்கர் எஸ்டேட் வைத்திருந்த அலெக்ஸாண்டர், டயானா டார்வால் தம்பதி அது உரிமையில்லை என்று வழக்குப் போட்டார்கள். 1985-ம் வருஷச் சட்டம் ‘திறந்தவெளிப் பொழுதுபோக்கு’க்கு அனுமதி தந்திருந்தது. தூங்குவது பொழுதுபோக்கா? கூடாரத்துக்குள் படுத்தால் அது திறந்தவெளியா? கூடாரத்தின் கதவுத்துணி மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன? நாட்டின் பெரிய பெரிய சட்டமூளைகள் இரண்டரை வருஷம் இதை அலசின. 2023 ஜனவரியில் உரிமை போயிற்று, ஜூலையில் வந்தது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏகமனதாக ‘தூங்கலாம்’ என்றது. தெருவில் படுத்திருக்கும் வீடில்லாதவனைப் பற்றி இத்தனை நுணுக்கமாக யாராவது யோசித்திருந்தால் அவனுக்கு இந்நேரம் கூரை கிடைத்திருக்கும்.

திரும்பும் வழி

எங்கள் ஊரில் எண்பது வயது மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ஞாயிறு காலை கோட்டுப் பையில் செடிவெட்டும் கத்தரியைப் போட்டுக்கொண்டு காட்டுவழியில் போவார். பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்கொடியை நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டே நடப்பார். நடப்பதற்கு வேண்டிய அளவுக்கு இடைஞ்சலை விலக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு ஒரு அங்குலம் கூடவும் வெட்ட மாட்டார், குறையவும் வெட்ட மாட்டார். அம்புக்குறி இருந்த கம்பத்தருகே நின்று நாலு ஆணித்துளைகளையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். “ஒரு தடவை பொதுவழியானால் என்றைக்கும் பொதுவழி” என்பார். இந்த ஊர்ச் சட்டத்தின் பழமொழி அது. “ஆனால் கால் படாவிட்டால் முள்ளுக்கு அது தெரியாது, தம்பி.” வரைபடமும் நாடாளுமன்றமும் சேர்ந்து காப்பாற்றாத பாதையை ஏழு பவுண்டு கத்தரி காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர்கள் பட்டியலை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பச்சைப் பலகையிலிருந்து தொடங்கலாம்.

போன வாரம் அதே வளைவில் அதே காவலர். எஞ்சின் அணைந்தது, புன்னகை வந்தது.

“வழி தவறிவிட்டீர்களா?”

கோர்ட்டுத் தீர்ப்பு, சட்டப் பிரிவு, வருஷம் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. பொதுவழியில் எனக்குள்ள உரிமை என்ன? போவது, திரும்ப வருவது. இதை எங்கள் ஊரில் வாசல் தாண்டுகிற ஒவ்வொருவரும் தினமும் சொல்கிறார்கள். ‘போறேன்’ என்று மட்டும் சொன்னால் அபசகுனம். அம்மா அடிக்க வருவாள்.

நான் நிற்கவில்லை. அவரைக் கடக்கும்போது தமிழிலேயே சொன்னேன்:

“போயிட்டு வர்றேன்.”